பதினேழாம் குழியில் மூன்று தட்டு

குடிநீர் வாரியத்தின் பணி விதிகள், நாற்பத்திரண்டாம் பக்கத்தில், கசிவு கண்டறியும் உதவியாளரை இப்படி வருணிக்கின்றன: "இரு செவிகளிலும் குறைவற்ற கேள்திறன் உடையவர். எந்நேரமும் இருவராகவே பணிபுரிபவர். கண்டறிந்த கசிவு எதுவாயினும் அன்றே ஏட்டில் உள்ளபடி பதிபவர்."

கோல்காரருக்கு இதில் முதல் வாக்கியம் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே பொருந்தவில்லை. இரண்டாவது, மச்சான் செத்த பிறகு பொருந்தவில்லை. மூன்றாவது ஒன்றுதான் முப்பத்தோரு வருஷம் தாக்குப்பிடித்தது.

சின்ன வயதில் சீழ் கோத்து இரண்டு செவிப்பறையும் கிழிந்தவர் அவர். அரை ஆள் தூரத்தில் நின்று பேசினால் பாதிதான் விழும்; மீதியை வாயசைவில் பிடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் மருத்துவச் சோதனையில் எப்படித் தேறினார் என்று கேட்டால், மருத்துவர் இவர் முதுகுக்குப் பின்னால் நின்று எண்களைக் கிசுகிசுக்க, எதிரே சன்னலுக்கு வெளியே நின்ற மச்சான் உதட்டசைவைப் பார்த்து அவற்றை விரலால் காட்டினார் என்பதுதான் பதில். அப்போது அவர் மச்சான் ஆகியிருக்கவில்லை. ஏற்கெனவே வாரியத்தில் இருந்த நண்பர், அவ்வளவே. தங்கையைக் கொடுப்பதற்கு முன்பே விரலைக் கொடுத்தவர் என்று பிற்பாடு கோல்காரரே சொல்லிக்கொள்வார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் வாரியத்தில் இல்லை. ஒரு முனையில் கிண்ணம்போலக் குடைந்த மரக்கட்டை மாட்டிய இரும்புக் கோல்தான் கருவி. மறுமுனையைத் தெருவுக்கடியில் ஓடும் குழாயின்மேல் ஊன்றி, மற்றவர்கள் கட்டையைக் காதில் வைப்பார்கள். இவர் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் வைப்பார். எலும்புக்கு ஒரு குறையும் இல்லை. பேருந்து, நாய், மனைவி என்று எதுவும் குறுக்கே வராமல் குழாய் மட்டும் அவரோடு பேசும். உடைந்த குழாய் சீறும். இணைப்பில் விட்ட விரிசல் காகிதம் கசக்குவதுபோல் சரசரக்கும். ஊரில் இருந்த முந்நூற்றுச் சொச்சம் தெருக்களையும் அவர் கபாலத்தால்தான் அறிந்திருந்தார்.

வேலை விடியற்காலையில், ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில். வால்வுகள் தெருவோரக் குழிகளில், இரும்பு மூடிகளுக்குக் கீழே இருந்தன. ஒருவர் ஒரு குழிக்குள் இறங்கி ஸ்பேனரால் குழாயைத் தட்டுவார்; மற்றவர் அடுத்த குழியருகே கோலோடு நின்று கேட்பார். இருவருக்குள்ளும் ஒரு கணக்கு உண்டு. ஒரு தட்டு: இங்கே இருக்கிறேன். இரண்டு தட்டு: அடுத்த குழிக்குப் போ. மூன்று தட்டு: வா.

மச்சானின் மூன்று தட்டை யாரும் போலிசெய்ய முடியாது. இரண்டு தட்டியதும் ஸ்பேனர் கனக்கிறது என்று கை மாற்றுவார். அதனால் மூன்றாவது எப்போதும் ஒரு மூச்சு தாமதமாக வரும்.

அதோடு அவர் சரியான குசும்பர். பதினேழாம் குழியை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்; அங்கே எப்போதும் அவர்தான் இறங்குவார். கோல்காரர் பதினாறில் நிற்பார். மூன்று தட்டு வரும். எண்பத்து நான்கு தப்படி ஓடிப்போய் மூச்சிரைக்க எட்டிப்பார்த்தால், மச்சான் உள்ளேயிருந்து முகத்தை நிமிர்த்துவார்.

"என்ன மச்சான், என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல."

"கூப்பிட்டீங்களே."

"நான் எங்க மாப்பிள்ளை கூப்பிட்டேன்? நான் தட்டவே இல்லையே. சரி, வந்தது வந்துட்டீங்க, டீ குடிச்சுட்டு வருவோம்."

மாதத்துக்கு நான்கு முறையாவது இது நடக்கும். புலி வருது புலி வருது என்றவன் கதை ஊருக்கே தெரியும். ஆனால் அந்தக் கதையில் எல்லோரும் ஆடு மேய்த்தவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கடைசித் தடவை கூப்பிட்டபோது வராமல் இருந்தவன் மிச்ச ஆயுளை எப்படிக் கழித்தான் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பதினாறாம் குழியருகே நின்ற கோல்காரரின் எலும்பில் மூன்று தட்டு விழுந்தது. மூன்றாவது ஒரு மூச்சு தாமதம். இன்றைக்கு ஏமாறுவதில்லை என்று சிரித்துக்கொண்டே இரண்டு தட்டிவிட்டார்: அடுத்த குழிக்குப் போ. மறுபடி மூன்று வந்தது. மறுபடி இரண்டு அனுப்பினார். பிறகு சத்தம் வரவில்லை. பழிக்குப் பழி என்று தெருமுனையில் தனியாகவே டீ குடித்துவிட்டு, சாவகாசமாக எண்பத்து நான்கு தப்படி நடந்து போய் எட்டிப்பார்த்தார். மச்சான் சுவரில் சாய்ந்து, முழங்காலை மடக்கி, மடியில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார். முகத்தை நிமிர்த்தவில்லை.

மாரடைப்பு என்றார்கள். "பக்கத்துல யாராவது இருந்திருந்தா..." என்று ஆரம்பித்த மருத்துவர், கோல்காரரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள். அழுது முடித்திருந்த, தெளிவான குரல்.

"அண்ணன் உங்களைக் கூப்பிடலையா?"

"ஒரு சத்தமும் வரல."

"உங்க காதுக்கு வராது, தெரியும். கட்டைக்குமா வரல?"

"கட்டைக்கும் வரல."

காலியான இடத்துக்கு வாரியம் வேறு ஆள் போடவில்லை. ஆனால் ஏட்டில் இரண்டு கையெழுத்துக்கும் கட்டம் இருந்தது. ஒன்றில் கோல்காரர் கையெழுத்திட்டார். மற்றதில் ஒவ்வொரு நாளும் "பணியிடம் காலி" என்று தன் கையாலேயே எழுதினார். விதிப்படி அவர் எந்நேரமும் இருவராகவே பணிபுரிந்தார். அதில் ஒருவர் இல்லை. பதினேழுக்குள் மட்டும் இறங்குவதில்லை. மேலிருந்து கோலை ஊன்றிக் கேட்டுவிட்டு நடந்துவிடுவார்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள், மழை பெய்து ஓய்ந்த காலையில், பதினாறில் கோலை ஊன்றியவருக்கு மூன்று தட்டு கேட்டது. மூன்றாவது ஒரு மூச்சு தாமதம்.

கோல்காரர் பேய்க்குப் பயப்படுகிறவர் அல்ல. பூமிக்கடியில் கேட்கும் சத்தம் எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்பதே அவர் தொழில். ஆனாலும் கை தானாக ஸ்பேனரை எடுத்து ஒரு தட்டு தட்டியது: இங்கே இருக்கிறேன். பதிலுக்கு மறுபடி மூன்று: வா. எண்பத்து நான்கு தப்படியும் ஓடினார். மூடியைத் தூக்கினார். உள்ளே யாரும் இல்லை. யார் இருப்பார்கள்?

மூன்று வாரம் அந்தத் தட்டு வந்துகொண்டே இருந்தது. சில நாள் வராது. வராத நாளில்தான் அதிகம் வியர்த்தது.

"பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க," என்றாள் மனைவி. "சாப்பாட்டைப் பிசைஞ்சு பிசைஞ்சு வெச்சுட்டுப் போறீங்க. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா சட்டை தோளைவிட்டு வழியுது?"

நான்காவது வாரம் இறங்கினார். மச்சான் சாய்ந்திருந்த சுவரைத் தொடாமல், ஏணிப்படியை இறுகப் பிடித்துக்கொண்டு. விளக்கைக் காட்டியதும் முதலில் தெரிந்தது ஈரம். வால்வின் தண்டு வெளியே வருகிற கழுத்தில், நட்டுக்கடியில், தண்ணீர் ஊறி, சொட்டாமல், சுவரில் மெல்லிய ஏடாகப் படர்ந்து மினுங்கிக்கொண்டிருந்தது. சீறாத கசிவு. கோலுக்குக் கேட்காது, கண்ணுக்குத்தான் தெரியும். அப்புறம் அந்தக் குழாயின்மேல் துருவில் ஒரு துண்டு அசைந்தது. கட்டைவிரல் அளவுத் தவளை. தொண்டைப் பை உப்பி இரும்பில் மோதியது: டொக், டொக். ஒரு மூச்சு. டொக்.

கோல்காரர் சிரித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணீர் வந்ததால் வேறு மாதிரியும் தோன்றியிருக்கலாம். "நீதானா?" என்று தவளையிடம் கேட்டார். பேயாக இல்லாமல் போனதில் அவருக்கு நிம்மதி. பேயாக இல்லாமல் போய்விட்டதே என்ற ஆத்திரமும் உடனே வந்தது.

மேலே ஏறியதும் முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில் கை ஏட்டைத் திறந்து எழுதிவிட்டது: "பதினேழு. வால்வுக் கழுத்தில் கசிவு. பழுதுபார்க்க வேண்டும்." அந்த ஒரு வரியை அவர் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டார்.

வாரியத்தில் தண்ணீர் சோதிக்கும் அம்மா ஒருவர் இருந்தார். படித்தது தவளை, பிழைப்பது குளோரின். மலைகளில் நான்கு வருஷம் தவளை தேடி அலைந்தவருக்குக் கிடைத்த வேலை, குப்பிகளில் குழாய்த் தண்ணீர் பிடிப்பது. கோல்காரர் சங்கதியைச் சொன்னதும் குப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே வந்தார். குழிக்குள் இறங்கியவர் வெகுநேரம் ஏறி வரவில்லை. மேலே நின்றவருக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது. குனிந்து மூடி விளிம்பில் ஒரு தட்டு தட்டினார்.

"இருக்கேன்ணே, இருக்கேன்," என்று அம்மா உள்ளிருந்து முகத்தை நிமிர்த்தினார். "இது இருக்கவே கூடாத தவளைண்ணே. கடைசியா யாரோ இதைப் பாத்து முப்பது வருஷம் ஆச்சு."

குழி விளிம்பில் உட்கார்ந்து அவர் சொன்னார். மலையோடைப் பாறை வெடிப்பில் வாழ்கிற இனம். குளம் வேண்டாம், குட்டை வேண்டாம். பாறைமேல் தண்ணீர் ஏடாக வழிய வேண்டும். தலைப்பிரட்டைகள் நீந்தாது, அந்த ஈர ஏட்டில் வயிற்றால் ஒட்டிக்கொண்டு, பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டே நகரும். ஓடை இரைகிற இடத்தில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? அதனால் ஆண் தவளை தொண்டையைப் பாறையில் மோதும். பெண் அந்த அதிர்வைக் காலாலும் தாடை எலும்பாலும் கேட்டு வரும்.

"எலும்பாலயா?" என்றார் கோல்காரர்.

"எலும்பாலதான். உங்களை மாதிரி."

முட்டை இட்டதும் பெண் போய்விடும். ஆண்தான் காவல். சுவர் காய்ந்தால் தன் உடம்பிலிருக்கும் நீரை விட்டு முட்டையை நனைக்கும்.

"மலையில இருக்கறது இங்க எப்படிம்மா வந்துச்சு?"

"அந்த ஓடையைத்தானே நாம குழாய்க்குள்ள திருப்பினோம். வடிகட்டி போடாத காலத்துல கூடவே வந்திருக்கும். மேல ஓடை செத்துப்போச்சு. அதுல மிச்சம் இந்தக் கசிவுதான். கடைக்கோடிக் குழாய்ங்கறதால குளோரினும் இங்க வந்து சேர்றதில்ல."

"எத்தனை நாளா இங்க இருக்கும்?"

சுவரில் தடிமனாகப் படிந்திருந்த சுண்ணாம்பை அம்மா நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "பத்து வருஷத்துக்குக் குறையாதுண்ணே. மழை சரியில்லாத வருஷம் கத்தாமலே கிடக்கும்."

கோல்காரர் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். பத்து வருஷம் என்றால், அந்தச் செவ்வாய்க்கிழமையும் அது இங்கேதான் இருந்தது.

அலுவலகத்துக்குப் போய்ப் பழைய ஏடுகளைப் புரட்டினார். பதினேழாம் குழிக்கு நேரே, சாகும்வரை எட்டு வருஷமும், மச்சானின் சாய்ந்த கையெழுத்தில் "கசிவு இல்லை". தினமும் கண்ணெதிரே சுவர் மினுங்க, தினமும் "கசிவு இல்லை". நான் தட்டவே இல்லையே மாப்பிள்ளை என்று அவர் சொன்னதை எல்லாம் குசும்பு என்று எடுத்துக்கொண்டவர், அதில் எத்தனை தடவை மனிதர் உண்மை பேசினாரோ என்று முதல்முறையாக யோசித்தார்.

இங்கேதான் சிக்கல். அன்று தட்டியது தவளை என்றால், கோல்காரர் மேல் பழி இல்லை. மனைவியிடம் சொன்னது அவ்வளவு பெரிய பொய்யும் இல்லை. ஆனால் அப்படியானால் மச்சான் கூப்பிடக்கூட முடியாமல், இருட்டில் தனியே போய்ச் சேர்ந்தார். தட்டியது மச்சான் என்றால், கடைசிவரை தன்னை நம்பிக் கூப்பிட்டார். கூப்பிட்டவரைப் போ என்று அனுப்பியாயிற்று. இரண்டில் எது தேவலை என்று அவரால் சொல்ல முடியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் தேவலை. அந்தத் தெரியாமைக்குக் கட்டைவிரல் அளவு உடம்பும் தொண்டையில் ஒரு பையும் இருந்தன. அது இருக்கும்வரை அவரும் இருக்கலாம்.

பல்கலைக்கழகத்துக்கு அம்மா படத்தோடு கடிதம் எழுதினார். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது: குறிப்பிட்ட இனம் மனித நடமாட்டமில்லாத மலையோடைகளில் மட்டுமே வாழ்வது, அதன் ஒலி இரண்டு தட்டுகள் கொண்டது, ஆகவே தாங்கள் கண்டது அதுவன்று.

"ரெண்டு தட்டா?" என்றார் கோல்காரர். இரண்டு என்றால் அவர்கள் கணக்கில் போ என்று அர்த்தம்.

"புத்தகத்துல ரெண்டுதான். இது மூணு போடுது. அதுவும் மூணாவதை இழுத்துப் போடுது. எனக்கும் புரியலண்ணே."

"இங்க வந்து யாருகிட்டயாவது கத்துக்கிட்டிருக்குமோ?"

அம்மா அவரைப் பார்த்தார். "தவளை கத்துக்காதுண்ணே. பொறக்கறப்பவே தெரிஞ்சதைத்தான் கத்தும்."

தவளை கற்றுக்கொள்ளாவிட்டால் மனிதன் கற்றுக்கொண்டிருக்கலாம். மச்சான்தான் அத்தனை வருஷமும் குழிக்குள் உட்கார்ந்து அதன் தாளத்தைத் தன் கையில் ஏற்றிக்கொண்டார் என்று கோல்காரர் முடிவுகட்டினார். இந்த முடிவில் அவர் ஒரு வாரம் நன்றாகத் தூங்கினார்.

அதற்கப்புறம் மனைவியிடம் சொன்னார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டே.

"அன்னைக்கு மூணு தட்டு வந்துச்சு. ரெண்டு தடவை. நான் விளையாட்டுன்னு நினைச்சுப் போகல. இப்பப் பாத்தா அங்க ஒரு தவளை இருக்கு. அதுவா இருக்கலாம். அண்ணனாவும் இருக்கலாம்."

அவள் தட்டுகளை அடுக்கினாள். மறுநாள் காலை அவருக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

பதினாறாம் குழியருகே மரக்கட்டையை அவள் காதில் வைத்தார். முதலில் முகம் சுளித்தாள். பிறகு சுளிப்பு நின்றது. கட்டையைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"அண்ணன் சின்ன வயசுல வீட்டுக் கதவை இப்படித்தான் தட்டுவார். ரெண்டு தட்டிட்டு, திறக்கறமான்னு காது குடுத்துக் கேட்டுட்டு, மூணாவது."

ஒரு வாரத் தூக்கம் அத்தோடு போயிற்று.

"நீங்க போகாதது தப்புதான்," என்றாள் நடந்துகொண்டே. "பொய் சொன்னது அதைவிடத் தப்பு. தவளையா அவரான்னு எங்கிட்ட இனிமே கேட்காதீங்க. கத்துற வரைக்கும் கத்தட்டும்." பத்து அடி போனதும் திரும்பினாள். "அதைப் பட்டினி போட்டுடாதீங்க."

"அது பூச்சி திங்கும்."

"நான் சொல்றதைச் சொன்னேன்."

அந்த மாதம் வாரியம் 'கசிவே இல்லாத நகரம்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. புதிதாக வந்த பொறியாளர் நல்ல மனிதர்; அதுதான் வினை. கிடப்பில் கிடந்த கோரிக்கைகளை எல்லாம் தூசி தட்டி எடுத்தார். திங்கட்கிழமை காலை கோல்காரரின் தோளில் கை வைத்தார்.

"பதினேழாம் குழி நீங்க எழுதினதுதானே? எட்டு மாசம் ஆயிருக்கு. உங்களை மாதிரி ஆளு எழுதினதை இப்படிப் போட்டு வெச்சதுக்கு நான்தான் மன்னிப்புக் கேட்கணும். இன்னைக்கே முடிச்சாச்சு."

"சார், அதுல ஒரு தவளை..."

"எல்லாம் ஓடிடும். காஞ்ச இடத்துல தவளை இருக்குமா?" என்று பொறியாளர் ஆறுதல் சொன்னார்.

செவ்வாய் மூன்று தட்டு வந்தது. புதன், இரண்டு தட்டோடு நின்றது. கோல்காரர் கட்டையை எலும்பில் அழுத்திக்கொண்டு, தண்ணீர் நிறுத்தும்வரை, மூன்றாவதற்காகக் காத்திருந்தார். வியாழன் ஒன்றும் வரவில்லை. ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்: இங்கே இருக்கிறேன். பதில் இல்லை.

இந்தத் தடவை அவர் டீ குடிக்கப் போகவில்லை. குழிக்குள் கசிவை அடைக்கும் புதுக் கயிறு சுற்றி இறுக்கிய வால்வுக் கழுத்து பளபளத்தது. சுவர் வெளுத்து, சுண்ணாம்பு பொரிந்திருந்தது. மச்சானின் தோள் சாய்ந்திருந்த உயரத்தில், உள்ளங்கை அளவு இடம் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. அதில் இருபது இருபத்தைந்து முட்டை. அவற்றின்மேல் தவளை, தோல் சுருங்கி, எலும்பு தெரிய, தன்னிடம் மிச்சமிருந்த தண்ணீரைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் கோல்காரர் ஸ்பேனரை எடுத்து, வால்வுக் கழுத்து நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினார். சுவர் நனைந்து முடியும்வரை அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மேலே ஏறி, ஏட்டைத் திறந்து, பதினேழுக்கு நேரே "கசிவு இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.